சுங்கை பினாங்குத் தோரன்ஹாம்கள்

மோகனராஜ் வேலை பார்த்த பினாங்கு ஹோட்டல் கடலைப் பார்த்தபடி நின்றது. பழைய கட்டடம், புதுச் சாயம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவர் நிற்கத் தொடங்கியபோது மீசை கறுப்பாக இருந்தது. முதலாளிகள் மாறினார்கள், மீசை நரைத்தது, சட்டைப் பைக்கு மேல் குத்தியிருந்த பெயர்த்தகடு மட்டும் மாறவில்லை. மற்ற ஊழியர்களின் தகடுகளில் நோர்மா, ஐமான் என்று அவரவர் சொந்தப் பெயர் இருக்கும். மோகனராஜின் தகட்டில் ‘தோரன்ஹாம்’ என்று இருந்தது.

சாவி வாங்க வரும் வெள்ளைக்காரப் பயணிகள் அதைக் குனிந்து படிப்பார்கள். படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். மறுபடியும் தகட்டைப் பார்ப்பார்கள்.

“இது ஆங்கிலப் பெயராயிற்றே?”

“எங்கள் குடும்பப் பெயர்,” என்பார் மோகனராஜ். “அது ஒரு பெரிய கதை.”

பெரிய கதை என்று சொல்வாரே தவிர, சொன்னதில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வரிதான். தாத்தா சின்னையா யாரோ ஒரு தோரன்ஹாம் துரையிடம் வேலை பார்த்தார், துரைமேல் உயிரையே வைத்திருந்தார், அதனால் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். துரை எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதெல்லாம் தெரியாது. தெரியாத இடத்தில் மோகனராஜ் ஒரு புன்னகையை வைப்பார். மீதியைப் பயணிகளே நிரப்பிக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவருடைய மூக்கை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆமாம், தெரிகிறது,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க மோகனராஜ் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

தோரன்ஹாம் என்ற பெயரை நிஜமாகவே சுமந்த அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். அவருக்கு இந்தப் பெருமையெல்லாம் இல்லை. அவர்கள் குடியிருந்த சுங்கை பினாங்கில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லாரும் அவரைத் தோரணம் என்றே கூப்பிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால், “தோரணம் வந்தாச்சு, வாழைமரம் எங்கப்பா?” என்று யாராவது கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் மோகனராஜ் சிரிக்கமாட்டார்.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ளும், அடுத்த தலைமுறையில் தானாக உதிர்ந்துவிடும். அந்தக் கணக்குப்படி தோரன்ஹாம் என்ற பெயர் மோகனராஜோடு முடிந்திருக்க வேண்டும். அவர் விடவில்லை. மகன் பிறந்ததும் பதிவிலாகாவுக்குப் போய் ‘ஹரீஷ் தோரன்ஹாம்’ என்று பதிந்துவிட்டு வந்தார். தம்பிமார் இருவருக்கும் அதில் அக்கறை இல்லை. ஆனால் அவர்களுடைய மனைவிமாருக்கு இருந்தது. பெரியவர் பிள்ளைக்கு மட்டும் துரை பேரா என்று இரண்டு வீட்டிலும் சண்டை நடந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் எல்லாருமே தோரன்ஹாம்கள். கடைசித் தம்பிக்கு ஐந்து பிள்ளைகள். இப்படியாக, சண்டையும் போட்டியும் சேர்ந்து, சுங்கை பினாங்கு அடுக்குமாடிகளில் அந்தப் பெயர் மளமளவென்று பெருகியது.

ஹரீஷுக்கு அதனால் பட்டது போதும். பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பையன்கள் அந்தப் பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஹாம் என்றால் பன்றி இறைச்சி அல்லவா? சாப்பாட்டு வேளையில் அவன் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று ஒரு விளையாட்டே நடந்தது. “பேரை மாத்துப்பா,” என்று அழுதான். “உலகத்துல யாருக்கும் கிடைக்காத பேருடா,” என்றார் மோகனராஜ். அது ஏறக்குறைய உண்மை என்பது அவருக்கே அப்போது தெரியாது.

ஹரீஷ் கல்யாணமாகி, மனைவி காமினி முழுகாமல் இருந்த சமயத்தில் ஒருநாள் கைப்பேசியை நீட்டினான். “ஒரு வெள்ளைக்காரரு மெசேஜ் அனுப்பியிருக்காரு. அவரு பேரும் இந்தக் கண்றாவிதான்.”

டெரிக் தோரன்ஹாம் என்பவர் இங்கிலாந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு அது எங்கே முளைத்தது, எங்கெல்லாம் போனது என்று ஆயுள் முழுக்கத் தேடும் மனிதர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு சங்கமும் உண்டாம். டெரிக் அதில் உறுப்பினர். பினாங்கில் இத்தனை தோரன்ஹாம்கள் இருப்பதை முதலில் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்ததாகவும், இப்போது நேரில் வந்து பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார்.

மோகனராஜ் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் பனியனோடுதான் இருந்தார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

டெரிக் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள, வெயிலில் சீக்கிரம் சிவந்துவிடுகிற மனிதர். மோகனராஜின் மனைவி குணவதி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு மீன் குழம்பு வைத்திருந்தாள். டெரிக் கண்ணில் நீர் வர வர இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார்.

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையோரம் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய நிலவரம் அது. அடுத்த படத்தில் புள்ளிகள் வடக்கே நகர்ந்தன. மீன்பிடிப்பு படுத்துப்போய், பஞ்சாலை வேலை தேடிப் போனவர்கள். அதற்கடுத்த படத்தில் புள்ளிகள் பாதியாகியிருந்தன. முதல் உலகப் போரில் ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள் போனார்கள் என்றார் டெரிக். பிறகு வந்த படங்களில் பெண்பிள்ளைகளாகப் பிறந்து, கட்டிக்கொண்டு போய், கணவன் பெயருக்கு மாறிவிட்டார்கள். கடைசிப் படத்தில் இங்கிலாந்து முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் மூன்று பேர் முதியோர் இல்லத்தில்.

பிறகு படத்தைக் கிழக்கே நகர்த்தினார். வங்காள விரிகுடாவைத் தாண்டி, பினாங்குத் தீவின் மேல், சுங்கை பினாங்கு இருக்கும் இடத்தில் ஒரு பெரிய சிவப்பு வட்டம்.

“இன்றைய தேதிக்கு உலகத்தில் தோரன்ஹாம்கள் மிக அடர்த்தியாக வாழும் இடம் இதுதான்,” என்றார் டெரிக், உணர்ச்சிவசப்பட்டு. வெளியே நடைபாதையில் அந்த அடர்த்தியில் ஒரு பகுதி பந்து விளையாடிக் கத்திக்கொண்டிருந்தது.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று குணவதி கேட்டாள். முட்புதர்களுக்கு நடுவே இருந்த குடியிருப்பு என்று அர்த்தமாம். அந்தப் பெயரில் ஒரு சின்ன ஊரே இருந்ததாம்.

“அட, அப்ப முள்ளிப்பட்டின்னு சொல்லுங்க,” என்றாள் குணவதி. மோகனராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை.

“அந்த ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஊரே இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது,” என்றார் டெரிக். “இருந்த காலத்திலும் அங்கே தோரன்ஹாம் என்று யாரும் கிடையாது. சொந்த ஊரில் இருக்கிறவனை யார் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? விட்டுவிட்டுப் போனவனுக்குத்தான் போன இடத்தில் அந்தப் பெயர் விழும்.”

ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பினாங்குக்கு வந்த அந்தத் தோரன்ஹாம் யார்? இருபது வருஷமாகத் தேடியும் அப்படி ஒருவர் கப்பல் ஏறிய தடயமே இல்லை. அவரை நேரில் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?

“என் அத்தை இருக்கிறார்,” என்றார் மோகனராஜ், துளி யோசனையும் இல்லாமல்.

அஞ்சலை அத்தை அப்பாவுக்கு மூத்தவர். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். அக்கரையில், பட்டர்வொர்த்தில் மகள் லோகேஸ்வரி வீட்டில் இருந்தார். மறுநாள் காலை ஃபெரியில் மோகனராஜ் டெரிக்கை ஜன்னலோரம் உட்காரவைத்து, துரைக்கும் தாத்தாவுக்கும் இருந்த பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். கேட்டுக்கொள்ள ஆள் கிடைத்ததில் அந்த ஒற்றை வரி அக்கரை சேர்வதற்குள் ஒரு பத்தியாகிவிட்டது.

அத்தை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு விருந்தாளியை மேலும் கீழும் பார்த்தார். டெரிக் பணிவாகக் குனிந்து, கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு மேசைமேல் வைத்தார்.

“அத்தை, இவரு இங்கிலாந்துலேருந்து வந்திருக்காரு,” என்றார் மோகனராஜ். “தாத்தாவோட துரை இருந்தாரே, தோரன்ஹாம், அவரோட சொந்தக்காரரு.”

“யாரோட சொந்தக்காரரு?”

“தோரன்ஹாம்.”

“அது குதிரைடா,” என்றார் அத்தை.

தேத்தண்ணி கொண்டுவந்த லோகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். டெரிக் ஆவலாக மோகனராஜின் பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறார்?”

மோகனராஜுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஹோட்டலில் குளியலறைத் தண்ணீர் ஒழுகுவதை வெப்பமண்டல மழை அனுபவம் என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. தானாகவே பிரிந்து வேலை செய்தது.

“அவரைத் தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம்.”

“செவலைக் குதிரை. நெத்தியில மட்டும் வெள்ளை,” என்று அத்தை உற்சாகமாகத் தொடர்ந்தார். “அப்பா பந்தயத் திடல்ல குதிரைக்காரரு இல்லையா, அவருதான் அதைக் குளிப்பாட்டுவாரு. நான் கூடப் போயி வாளி தூக்குவேன்.”

“செம்பட்டை முடி. வெளுத்த நெற்றி. என் தாத்தாதான் அவருக்கு நெருக்கமான பணியாளர்.”

“அப்பா கையால குடுத்தாத்தான் கொள்ளு திங்கும். வேற யாரு கிட்ட போனாலும் கடிச்சு வச்சிரும்.”

“சாப்பாட்டு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. மற்றவர்களோடு அவ்வளவாகப் பழகமாட்டார்.”

டெரிக் தலையை ஆட்டினார். “எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான். என் பெரியப்பா அச்சு அசல் இதேதான்.”

லோகேஸ்வரி தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

“உங்கப்பன் பொறந்த அன்னிக்குப் பெரிய பந்தயம்,” என்றார் அத்தை. “கடைசியாத்தான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. ஜெயிச்சிருச்சு லா! அப்பா அங்கேருந்து ஓடியாந்து, பிள்ளை மூஞ்சியைக்கூடப் பார்க்காம, தோரன்ஹாம் தோரன்ஹாம்னு கத்துறாரு. எங்கம்மா அழுவுது. அந்தப் பேரையே வச்சுப்புட்டாரு.”

“அவர் ஓட்டக்காரர். என் அப்பா பிறந்த அன்றைக்கு ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தார்.”

“ஓட்டக்காரரா!” டெரிக் எழுந்தே விட்டார்.

வெள்ளைக்காரரின் சந்தோஷத்தைப் பார்த்த அத்தைக்கு, இவருக்குச் சரியாகப் புரியவேண்டுமே என்று தோன்றியது போலிருக்கிறது. தமிழ் தெரியாதவர்களோடு பேசும்போது அவர் மலாய்க்குப் போய்விடுவார். நேராக டெரிக்கைப் பார்த்து, “குடா! குடா!” என்றார். மலாயில் குதிரைக்கு அதுதான் பெயர்.

“குடா?” என்றார் டெரிக்.

“குட், ஆ,” என்றார் மோகனராஜ், நெற்றியைத் துடைத்தபடி. “ரொம்ப நல்லவர் என்கிறார். இங்கே ஆங்கிலம் அப்படித்தான் பேசுவோம்.”

அத்தையின் குரல் இறங்கியது. “அப்புறம் ஒரு நாள் ஓடுறப்ப காலு ஒடிஞ்சு போச்சு. சுட்டுட்டாங்க. அப்பா ஒரு வாரம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல.”

“காலில் அடிபட்டது. அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை,” என்றார் மோகனராஜ். அவர் குரலும் கம்மித்தான் போயிருந்தது.

டெரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சமாதி எங்கேயாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

“என்னா கேக்குறாரு?”

“எங்க பொதைச்சாங்கன்னு கேக்குறாரு அத்தை.”

“குதிரையையா?” என்றார் அத்தை.

புறப்படும்போது டெரிக் முதலில் இறங்கிப் போனார். மோகனராஜ் அத்தையின் பக்கம் குனிந்து, “அப்பா துரை பேருன்னுதானே சொன்னாரு?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்துல பசங்க குதிரை குதிரைன்னு கூப்பிட்டு உங்கப்பன் அழுதுக்கிட்டே வருவான். அதான் எங்கப்பா, இல்லடா அது துரை பேருடான்னு சொல்லி வச்சாரு. அவனும் கடைசி வரைக்கும் நம்பிக்கிட்டே இருந்தான். என்ன இப்ப, குதிரைக்கும் துரைக்கும் காதுல பெருசா வித்தியாசமா இருக்கு?”

திரும்பி வரும் ஃபெரியில் டெரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நன்றி சொன்னார். இரண்டு தடவை சொன்னார். மோகனராஜ் இரண்டு தடவையும் பரவாயில்லை என்றார்.

வீட்டில் குணவதியிடம் மட்டும் சொன்னார். அவள் சிரித்தாள். நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். “அதான் இத்தனை வருஷமா நின்னுக்கிட்டே வேலை பார்க்குறீங்க,” என்றாள். இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பசியாற உட்கார்ந்தபோது தட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை இருந்தது. மலாயில் அதற்குக் குதிரைக் கடலை என்று பெயர். தற்செயலா, வேண்டுமென்றேயா என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

டெரிக் ஊருக்குப் போய்ச் சங்கத்தின் இணையதளத்தில் ‘பினாங்கின் ஓட்டக்காரர்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். செம்பட்டை முடி, கூச்ச சுபாவம், கடைசி ஓட்டத்தில் பட்ட காயம், விசுவாசமான பணியாளன் சின்னையா, எல்லாம் அதில் இருந்தன. இங்கிலாந்தில் மிச்சமிருந்த தோரன்ஹாம்களில் ஒருவர், தனக்கும் சிறுவயதில் ஓட்டம் நன்றாக வரும் என்றும், அது எங்கிருந்து வந்ததென்று இப்போது புரிகிறது என்றும் கீழே எழுதியிருந்தார். மோகனராஜ் வேலை நேரத்தில் அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தார். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தட்டச்சு செய்து இரண்டு முறையும் அழித்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹரீஷின் கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் டெரிக். முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது.

“மோகன், எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அத்தை சொன்னதை எல்லாருக்கும் வாசிக்கக் கொடுக்கலாமே என்று அந்த ஒலிப்பதிவை அவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன்.”

மோகனராஜின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“அவரைச் சுட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே,” என்றார் டெரிக். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்த குணவதி எட்டிப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மோகனராஜ் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். டெரிக் கையை உயர்த்தித் தடுத்தார். அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அவருடைய அப்பாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, அப்பாவின் அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர்தான் தோரன்ஹாம். பையனுக்கும் அந்தப் பெயரையே போட்டுவிட்டார்கள். இருபது வருஷமாக அந்தப் பெயருக்குப் பின்னால் அலையும் தன் உடம்பில் அந்த வம்சத்தின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. தன் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்றார்.

“அப்படியென்றால் எங்களை என்ன செய்வீர்கள்? கணக்கிலிருந்து எடுத்துவிடுவீர்களா?” என்று கேட்டார் மோகனராஜ்.

“பெயர் யாருக்கு இருக்கிறதோ அவரை எண்ண வேண்டும். எங்கள் சங்கத்து விதி அவ்வளவுதான். எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தால் யாருமே மிஞ்சமாட்டோம்,” என்றார் டெரிக். “குதிரையையும் எண்ணலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கூடாது என்றுவிட்டார்கள்.”

அந்த அழைப்பில்தான் ஹரீஷ் முழு விஷயத்தையும் கேட்டான். அடுத்த மாதம் காமினிக்குப் பெண்குழந்தை பிறந்தது. பதிவிலாகாவுக்குப் போகும் வழியில், காரில், மோகனராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்தப் பேரு வேணாம்பா. என்னோட போகட்டும்,” என்றார்.

ஹரீஷ் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். “துரை பேருன்னு இருந்தப்ப நான் வேணாம்னு அழுதேன், நீங்க கேக்கல. இப்ப குதிரைன்னதும் விடச் சொல்றீங்களா? ஜெயிச்ச குதிரைப்பா!”

“ஜனங்க சிரிப்பாங்கடா.”

“முன்னாடி மட்டும் சிரிக்கலையா?”

பதிவிலாகாவில் இருந்த மலாய்க்காரப் பெண் அலுவலர் ‘யாழிசை தோரன்ஹாம்’ என்பதை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். இது எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டார். மோகனராஜ் புன்னகை செய்யத் தயாரானார். அதற்குள் ஹரீஷ், எங்கள் கொள்ளுத்தாத்தா வளர்த்த பந்தயக் குதிரையின் பெயர் என்று மலாயில் சொல்லிவிட்டான். அந்தப் பெண் தலைநிமிர்ந்து, எந்த வருஷம் ஜெயித்தது என்று ஆர்வமாகக் கேட்டார். தன் தாத்தாவுக்கும் குதிரைப் பைத்தியம் உண்டாம். மோகனராஜைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவே இல்லை.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தம்பிமார் தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் வழக்கம்போலத் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். கடைசித் தம்பியின் பிள்ளைகள் புதிதாக ஒரு பேனர் அடித்துக் கட்டியிருந்தார்கள். ‘தோரன்ஹாம் குடும்பத்தார் உபயம்’ என்று பெரிய எழுத்து. பக்கத்தில், நெற்றியில் வெள்ளை வைத்த ஒரு செவலைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. முருகன் படத்தைவிடக் குதிரை சற்றுப் பெரிதாகவே வந்துவிட்டது. மோகனராஜ் அதைப் பார்த்துவிட்டு மோர்ப் பானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பால்குடம் சுமந்து வந்த ஓர் அம்மாள் மோர் வாங்கிக் குடித்தார். பேனரை அண்ணாந்து பார்த்து, “ஐயனாரு குதிரைங்களா?” என்று கேட்டார்.

மோகனராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மாள் குதிரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டார். பின்னால் வந்த இரண்டு பெண்களும் எதற்கென்று கேட்காமல் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மோகனராஜ் அடுத்த கோப்பையில் மோரை ஊற்றினார்.